அண்டார்டிகா யாருடையது, 2048இல் என்ன ஆகும்?

நீங்கள் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். அண்டார்டிகாவை ஏழு நாடுகள் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டிருப்பதாக வரைபடங்களில் காட்டுகிறார்களே, அது சட்டப்படி செல்லுமா. 2048இல் அண்டார்டிகாவை நிர்வகிக்கும் உடன்படிக்கை காலாவதியானதும் எண்ணெய்க்கான போட்டி தொடங்கிவிடுமா. பல ஆண்டுகளாக அங்கே ஆய்வு நிலையங்களை நடத்திவரும் இந்தியா ஏன் தனக்கென்று ஒரு பங்கைக் கோரவில்லை. இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன். உரிமையாளர் யார் என்று முடிவாகாத ஒரு கண்டத்தைப் பல நாடுகள் சேர்ந்து நிர்வகிப்பது நிலைக்கக்கூடியதா, அல்லது அது தவணை குறித்த ஓர் அமைதி மட்டுமா? சர்வதேசச் சட்டத்தைக் கற்பிக்கும் பணியில் இந்த உடன்படிக்கையை மாணவர்களோடு வரி வரியாகப் பலமுறை படித்திருக்கிறேன். 2048 பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவது தவறு என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம்; அந்த ஆண்டில் எந்த உடன்படிக்கையும் காலாவதியாகப் போவதில்லை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள உரிமைக் கோரல்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் கோரியது பிரிட்டன். 1908இல் அரச ஆணை ஒன்றின் மூலம் ஃபாக்லாந்து தீவுகளுக்குத் தெற்கே உள்ள பகுதிகளைத் தன்னுடையவை என்று அறிவித்தது. அந்த ஆணையின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால் தென் அமெரிக்கப் பெருநிலத்தின் ஒரு பகுதியும் அதற்குள் வந்துவிடும் என்பதால் 1917இல் அதைத் திருத்த நேர்ந்தது. பிறகு 1923இல் ராஸ் பகுதி நியூசிலாந்தின் பொறுப்பில் விடப்பட்டது. 1924இல் பிரான்ஸ் அடேலி நிலத்தைக் கோரியது. 1933இல் கண்டத்தின் ஏறத்தாழ 42 விழுக்காடு ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. நார்வே 1939 ஜனவரியில், ஜெர்மானியக் கப்பல் ஒன்று அதே கரையை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், திமிங்கில வேட்டையில் தனக்கிருந்த நலனைக் காப்பாற்றுவதற்காகக் குயின் மாட் நிலத்தைக் கோரியது. சிலி 1940இலும், அர்ஜென்டினா அதே பத்தாண்டிலும் தங்கள் எல்லைகளை அறிவித்தன. பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா ஆகிய மூன்றின் கோரல்களும் அண்டார்டிக் தீபகற்பத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மேற்குத் தீர்க்கரேகை 90 பாகைக்கும் 150 பாகைக்கும் இடையே உள்ள பெரும்பகுதியை இன்றுவரை எந்த நாடும் கோரவில்லை. உலகில் இவ்வளவு பெரிய உரிமையற்ற நிலம் வேறு எங்கும் இல்லை.

இவை சட்டப்படி செல்லுமா என்பதற்கு நேர்மையான பதில், எந்த நீதிமன்றமும் இதைத் தீர்ப்பளிக்கவில்லை என்பதுதான். ஒரு நிலத்தைக் கண்டுபிடித்தது மட்டும் போதாது, அங்கே அதிகாரத்தைத் தொடர்ந்து செலுத்தியிருக்க வேண்டும் என்பது சர்வதேசச் சட்டத்தில் நிலைபெற்ற கொள்கை. ஆனால் 1933இல் கிழக்குக் கிரீன்லாந்து தொடர்பாக டென்மார்க்குக்கும் நார்வேக்கும் இடையே நடந்த வழக்கில், மக்கள் வாழாத, எளிதில் அணுக முடியாத நிலங்களில் மிகக் குறைந்த அளவு அதிகாரச் செயல்பாடே போதும் என்று அன்றைய நிரந்தரச் சர்வதேச நீதிமன்றம் கருதியது. உரிமை கோரும் நாடுகள் இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொள்கின்றன. அமெரிக்காவோ 1924இலேயே, வெளியுறவுச் செயலர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் காலத்தில், உண்மையான குடியேற்றம் இல்லாமல் கண்டுபிடிப்பு மட்டும் இறையாண்மையைத் தராது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அதே அளவுகோலின்படி தன் தேடலாய்வாளர்களின் கண்டுபிடிப்புகளும் தனக்கு உரிமை தராது என்பதால், அமெரிக்கா எதையும் கோராமல், கோருவதற்கான அடிப்படையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. சோவியத் ஒன்றியமும், 1820இல் ரஷ்யக் கடற்படை அதிகாரி பெல்லிங்ஸ்ஹவுசன் மேற்கொண்ட பயணத்தைச் சுட்டிக்காட்டி, அதே போன்ற நிலைப்பாட்டை எடுத்தது.

அர்ஜென்டினாவின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. லாரி தீவில் உள்ள ஓர்காடாஸ் நிலையத்தை அது 1904 முதல் இடைவிடாமல் நடத்திவருகிறது. அண்டார்டிகாவில் வேறு எந்த நாட்டுக்கும் அவ்வளவு நீண்ட தொடர்ச்சியான இருப்பு இல்லை. ஆனால் ஒரு தீவில் உள்ள நிலையத்தைக் கொண்டு தென் துருவம் வரை நீளும் ஓர் ஆப்பு வடிவ நிலம் முழுவதையும் கோர முடியுமா என்பது வேறு விஷயம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரான்ஸ், நார்வே ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்கின்றன. சிலியும் அர்ஜென்டினாவும் தென் அமெரிக்காவுக்கு உரிய அண்டார்டிகா என்ற ஒன்று உண்டு என்ற அளவில் உடன்படுகின்றன. உலகின் ஏனைய நாடுகள் எவையும் இந்தக் கோரல்களை ஏற்கவில்லை. ஆகவே வரைபடத்தில் நீங்கள் பார்க்கும் கோடுகளைக் கோரிக்கைகளாக மட்டுமே படிக்க வேண்டும், எல்லைகளாகப் படிக்கக்கூடாது.

இந்தக் கோரிக்கைகள் வெறும் காகிதத்தோடு நின்றுவிடவில்லை. 1952 பிப்ரவரியில் ஹோப் விரிகுடாவில் பொருள்களை இறக்கிக்கொண்டிருந்த பிரிட்டன் குழுவினரின் தலைக்கு மேலே அர்ஜென்டினக் கடற்படையினர் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டனர். மறு ஆண்டு டிசெப்ஷன் தீவில் அர்ஜென்டினாவும் சிலியும் எழுப்பியிருந்த குடில்களைப் பிரிட்டன் அகற்றியது. 1955இல் பிரிட்டன் இரண்டு நாடுகள் மீதும் சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றது. அவை நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்க மறுத்ததால் 1956இல் வழக்குகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இதனோடு அமெரிக்க, சோவியத் போட்டியையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்கா 1946, 47 பருவத்தில் மட்டும் 4,000க்கும் மேற்பட்ட படையினரை அண்டார்டிகாவுக்கு அனுப்பியிருந்தது. தெற்கில் ஒரு பனிப்போர்க் களம் உருவாவதற்கான எல்லாக் கூறுகளும் அப்போது இருந்தன.

இந்தியாவின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. அண்டார்டிகா அமைதியான நோக்கங்களுக்கு மட்டுமே பயன்பட வேண்டும், அங்கே அணுச் சோதனைகள் நடக்கக்கூடாது என்பதற்காக, 1956இல் இந்தியா அந்தக் கண்டத்தைப் பற்றிய விவாதத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கோரியது. சிலியும் அர்ஜென்டினாவும் கடுமையாக எதிர்த்தன. இந்தியா அதைத் திரும்பப் பெற்று, 1958இல் மீண்டும் கொண்டுவந்து, மறுபடியும் விலக்கிக்கொண்டது. அதே காலத்தில் 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை நடந்த சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு, 12 நாடுகளின் ஆய்வாளர்கள் எல்லை பார்க்காமல் அந்தக் கண்டத்தில் பணிபுரிய முடியும் என்பதைக் காட்டியது. அந்த 12 நாடுகளும் வாஷிங்டனில் கூடி 1959 டிசம்பர் 1 அன்று கையெழுத்திட்ட உடன்படிக்கை 1961 ஜூன் 23 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா அந்த மேசையில் இல்லை. ஆனாலும் அது ஐக்கிய நாடுகளில் எழுப்பிய அச்சம், வெளியார் தலையிடுவதற்கு முன் தாங்களே ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும் என்ற உந்துதலை அந்த நாடுகளுக்குக் கொடுத்தது என்பது என் கருத்து.

14 விதிகள் மட்டுமே கொண்ட அந்த உடன்படிக்கையின் உயிர் நான்காவது விதியில் இருக்கிறது. அதன் முதல் பகுதி, உடன்படிக்கையில் கையெழுத்திடுவதால் எந்த நாடும் தான் முன்பு கோரிய உரிமையைக் கைவிட்டதாகவோ, கோருவதற்கான அடிப்படையை இழந்ததாகவோ, பிறர் கோரிக்கையை ஏற்கவோ மறுக்கவோ தனக்குள்ள நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதாகவோ ஆகாது என்கிறது. இரண்டாவது பகுதி, உடன்படிக்கை நடைமுறையில் இருக்கும் காலத்தில் அங்கே செய்யப்படும் எந்தச் செயலும் இறையாண்மையை நிலைநாட்டவோ வலுப்படுத்தவோ மறுக்கவோ ஆதாரமாகாது என்றும், புதிய கோரிக்கை எதையும் எழுப்பவோ பழையதை விரிவாக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. பாகப்பிரிவினை வழக்கு நிலுவையில் உள்ள நிலத்தில் இப்போதைய நிலையே தொடரட்டும் என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போடுவதைப் போன்றது இது. இங்கே நீதிமன்றமும் இல்லை, வழக்கு முடியும் நாளும் இல்லை என்பதே வேறுபாடு. 1948இல் சிலி நாட்டுச் சட்டப் பேராசிரியர் ஹூலியோ எஸ்குடேரோ, கோரல்களைச் சில ஆண்டுகளுக்குக் கிடப்பில் போட்டுவிட்டு அறிவியல் பணியைத் தொடரலாம் என்று முன்வைத்த யோசனையிலிருந்தே இது வளர்ந்தது. அவர் சொன்னது ஐந்து ஆண்டுகளுக்கு; அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் அது நிற்கிறது.

நடைமுறையில் இது எப்படி இயங்குகிறது என்பதற்கு இந்திய நிலையங்களே நல்ல எடுத்துக்காட்டு. 1989 முதல் இயங்கும் மைத்ரி, நார்வே கோரும் குயின் மாட் நிலத்தில் இருக்கிறது. 2012இல் திறக்கப்பட்ட பாரதி, ஆஸ்திரேலியா கோரும் பகுதியில் லார்ஸ்மன் குன்றுகளில் இருக்கிறது. அதே குன்றுகளில் சீனாவின் ஜோங்ஷான் நிலையமும் ரஷ்யாவின் புரோகிரஸ் நிலையமும் உள்ளன. இவற்றை அமைப்பதற்கு யாரும் நார்வேயிடமோ ஆஸ்திரேலியாவிடமோ அனுமதி வாங்கவில்லை. ஆஸ்திரேலியா தன் சட்டங்கள் அங்கே செல்லும் என்கிறது. ஆனால் வெளிநாட்டவர் மீது அவற்றைச் செலுத்துவதில்லை. 2008இல் ஓர் ஆஸ்திரேலிய நீதிமன்றம், தங்கள் அண்டார்டிகக் கடற்பகுதியில் திமிங்கில வேட்டையாடிய ஜப்பானிய நிறுவனத்துக்குத் தடை விதித்தது. அந்தக் கடலின் மேல் ஆஸ்திரேலியாவுக்கு உரிமை உண்டு என்பதையே ஏற்காத ஜப்பான் அதைப் பொருட்படுத்தவில்லை. 2010இல் ஆஸ்திரேலிய அரசு ஜப்பான் மீது சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றபோது இறையாண்மையைப் பற்றிப் பேசாமல், திமிங்கில வேட்டை ஒழுங்குமுறை உடன்படிக்கையை மட்டும் அடிப்படையாக வைத்து வாதிட்டு, 2014இல் வென்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1993இல் வேறொரு விசித்திரத்தைச் சந்தித்தது. அமெரிக்காவின் மக்மர்டோ நிலையத்தை அடுத்த பனிப்பிளவில் விழுந்து இறந்த ஒரு தச்சரின் மனைவி அமெரிக்க அரசின் மீது தொடுத்த இழப்பீட்டு வழக்கில், அரசே இல்லாத அண்டார்டிகாவும், அயல்நாட்டில் நேர்ந்த தீங்குக்கு அரசின் மீது வழக்குத் தொடர முடியாது என்று சொல்லும் அமெரிக்கச் சட்டத்தின் பொருளில் ‘அயல்நாடு’தான் என்று சொல்லி அது வழக்கைத் தள்ளிவிட்டது. யாரும் ஆளாத நிலத்தில் தனிமனிதருக்கு நேரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இன்னும் முழுமையாகத் தீரவில்லை. உடன்படிக்கையின் எட்டாவது விதி நிலையங்களைச் சோதிக்க நாடுகள் அனுப்பும் பார்வையாளர்களையும் பரிமாற்ற விஞ்ஞானிகளையும் மட்டும் அவரவர் நாட்டுச் சட்டத்தின் கீழ் வைக்கிறது. மற்றவர்களைப் பற்றி அது மௌனமாக இருக்கிறது. இந்த இடைவெளியை நாடுகள் தத்தம் சட்டங்களால் நிரப்புகின்றன. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு அண்டார்டிகச் சட்டம் அதற்காக வந்ததே.

நிர்வாகம் என்று பார்த்தால், இப்போது 50க்கும் மேற்பட்ட நாடுகள் உடன்படிக்கையில் சேர்ந்திருந்தாலும், முடிவெடுக்கும் உரிமை 29 ஆலோசனை உறுப்பு நாடுகளுக்கு மட்டுமே உண்டு. முதல் 12 நாடுகளைத் தவிர மற்றவை கணிசமான அறிவியல் பணியைச் செய்துகாட்டித்தான் அந்தத் தகுதியைப் பெற முடியும். 1980களில் மலேசியா இதைக் கடுமையாக எதிர்த்தது. 1982இல் பிரதமர் மகாதீர் பொதுச்சபையில் பேசும்போது, அண்டார்டிகா மனிதகுலம் முழுவதற்கும் உரியது, சில நாடுகளின் சங்கமாக இருக்கக்கூடாது என்ற கருத்தை முன்வைத்தார். அந்த விவாதம் 1983 முதல் 2005 வரை ஐக்கிய நாடுகளில் தொடர்ந்தது. மலேசியா கடைசியில் 2011இல் உடன்படிக்கையில் தானே சேர்ந்துவிட்டது. அதனால் அதன் குற்றச்சாட்டில் இருந்த நியாயம் குறைந்துவிடவில்லை என்றே நான் கருதுகிறேன். நிலையம் கட்டப் பணமில்லாத நாடுகளுக்கு அங்கே இன்றும் குரல் இல்லை. பனி உருகினால் முதலில் மூழ்கும் சிறு தீவு நாடுகளும் அவற்றில் அடக்கம்.

இனி 2048க்கு வருவோம். 1988இல் வெலிங்டனில் கனிம வளங்களை ஒழுங்குபடுத்தும் ஓர் ஒப்பந்தம் உருவானது. அகழ்வை அடியோடு தடுக்காமல் நிபந்தனைகளுடன் அனுமதிக்க வழி வைத்திருந்தது அது. 1989 ஜனவரியில் அர்ஜென்டினக் கப்பலான பாஹியா பாரைசோ தீபகற்பத்தின் அருகே தரைதட்டி டீசலைக் கொட்டியது. இரண்டு மாதங்களில் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பலின் விபத்து நடந்தது. ஆஸ்திரேலியாவும் பிரான்சும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தன. அது நடைமுறைக்கு வரவே இல்லை. அதன் இடத்தில் வந்ததுதான், சுற்றுச்சூழலைப் பாதுகாக்க 1959ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு இணைக்கப்பட்டு 1991 அக்டோபர் 4 அன்று கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறை. அறிவியல் ஆய்வைத் தவிர, கனிம வளம் தொடர்பான எந்தச் செயலும் கூடாது என்று அதன் ஏழாவது விதி ஒரே வாக்கியத்தில் தடுக்கிறது. இந்த நெறிமுறை 1998 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து 50 ஆண்டுகள் கழிந்த பிறகு, எந்த ஆலோசனை உறுப்பு நாடும் மறுஆய்வு மாநாடு ஒன்றைக் கேட்கலாம் என்று 25ஆவது விதி சொல்கிறது. 2048 என்ற ஆண்டு வந்த வழி இதுதான், இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அந்த மாநாட்டில் தடையை நீக்குவது எவ்வளவு கடினம் என்பதைப் பார்த்தால் செய்தித்தாள்களின் பரபரப்பு அடங்கிவிடும். நெறிமுறை உருவான 1991இல் ஆலோசனை உறுப்பினராக இருந்த 26 நாடுகளில் முக்கால் பங்கு உள்ளிட்ட பெரும்பான்மை முதலில் ஆதரிக்க வேண்டும்; பிறகு அந்த 26 நாடுகளும் ஒன்றுகூட விடாமல் அதை உறுதிசெய்ய வேண்டும்; கனிம அகழ்வை நிர்வகிக்கும் கட்டுப்பாடுள்ள சட்ட ஏற்பாடு ஒன்றும் அதற்குமுன் நடைமுறையில் இருக்க வேண்டும். அந்த 26இல் இந்தியாவும் ஒன்று. ஒரே ஒரு கதவுதான் திறந்திருக்கிறது: மாநாட்டில் ஏற்கப்பட்ட திருத்தம் மூன்று ஆண்டுகளுக்குள் நடைமுறைக்கு வராவிட்டால், எந்த நாடும் அறிவிப்புக் கொடுத்து, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நெறிமுறையிலிருந்து விலகலாம். இது உண்மையான பலவீனம். ஆனால் நெறிமுறையிலிருந்து விலகிய நாடும் 1959ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கும் அதன் நான்காவது விதிக்கும் கட்டுப்பட்டே இருக்கும். அந்த உடன்படிக்கைக்கு முடிவுத் தேதி என்று ஒன்று எழுதப்படவே இல்லை. 1991 முதல் அதை மறுஆய்வு செய்ய மாநாடு கேட்கும் உரிமை எல்லா ஆலோசனை உறுப்பினர்களுக்கும் இருந்தும், எந்த நாடும் இதுவரை கேட்கவில்லை.

எண்ணெயைப் பற்றி நான் அளந்தே பேச வேண்டும். நான் சட்டம் படித்தவன், நிலவியல் என் துறையன்று. 1973இல் குளோமர் சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் ராஸ் கடலின் அடித்தளத்தில் துளையிட்டபோது இயற்கை வாயுவின் தடயங்கள் கிடைத்தன என்பது உறுதி. அண்டார்டிகாவில் இத்தனை நூறு கோடி பீப்பாய் எண்ணெய் இருக்கிறது என்று அவ்வப்போது வெளியாகும் எண்கள், நில அதிர்வு அளவீடுகளைக் கொண்டு ஊகித்தவை; துளையிட்டு உறுதிசெய்த இருப்பைக் காட்டுபவை அல்ல. நகரும் பனிப்பாறைகளுக்கும், கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் ஆழமான கண்டத்திட்டுக்கும் இடையே அதை எடுப்பது இன்றைய விலையில் கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி. இந்த ஆய்வுகள் உண்மையிலேயே அறிவியலுக்காகவா, எதிர்கால அகழ்வுக்கான தேடலா என்ற ஐயம் ரஷ்யாவின் பணிகள் தொடர்பாக எழுப்பப்படுகிறது. தரவு ஒன்றுதான், நோக்கம் மட்டும் வேறு என்பதால், ஏழாவது விதியை வைத்துக்கொண்டு இதை வெளியிலிருந்து தீர்மானிப்பது மிகவும் கடினம்.

என் கவலை 2048இல் இல்லை. அதைவிட அருகில் இருக்கிறது. அண்டார்டிகாவில் எல்லா முடிவுகளும் ஒருமித்த கருத்தால் எடுக்கப்படுகின்றன. ஒரு நாடு மறுத்தால் போதும், எதுவும் நகராது. செயலகத்தை அர்ஜென்டினத் தலைநகர் புவனஸ் அயர்ஸில் வைப்பதற்குப் பிரிட்டன் நெடுநாள் இணங்காததால், 2004 வரை இந்த அமைப்புக்கு நிரந்தர அலுவலகம்கூட இல்லை. அண்டார்டிகக் கடல்வாழ் உயிர்வளங்களுக்கான ஆணையம் ஆண்டுதோறும் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் கூடுகிறது. 2016இல் ராஸ் கடலில் 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பை 35 ஆண்டுகளுக்குப் பாதுகாக்க அது ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு கிழக்கு அண்டார்டிகா, வெட்டல் கடல், தீபகற்பம் ஆகியவற்றுக்கான திட்டங்கள் ஆண்டுக்காண்டு சீனாவின், ரஷ்யாவின் எதிர்ப்பால் நின்றுபோகின்றன. பெங்குவின், கடல்நாய், திமிங்கிலம் அனைத்துக்கும் உணவான கிரில் இறாலைத் தீபகற்பத்தைச் சுற்றிப் பிடிப்பதற்கு ஆண்டுக்கு 6,20,000 டன் என்ற எல்லை இருக்கிறது. ஒரே இடத்தில் குவித்துப் பிடிக்காதபடி அதைப் பகுதிவாரியாகப் பிரித்த ஏற்பாடு 2024இல் புதுப்பிக்கப்படாமல் முடிவுக்கு வந்துவிட்டது. 2022இல் எம்பரர் பெங்குவினைச் சிறப்புப் பாதுகாப்பு பெற்ற உயிரினமாக அறிவிக்கும் முயற்சியும் ஒருமித்த கருத்து கிடைக்காமல் நின்றது. ஒரு பருவத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வரும் சுற்றுலாவுக்கு முழுமையான சட்டக் கட்டமைப்பு இன்னும் இல்லை. 2024 மே மாதம் கொச்சியில் நடந்த ஆலோசனைக் கூட்டத்தில்தான் அதற்கான முறையான பேச்சு தொடங்கியது. சுற்றுச்சூழல் விபத்துகளுக்கு யார் பொறுப்பேற்பது என்பதற்காக 2005இல் ஏற்கப்பட்ட, மாட்ரிட் நெறிமுறையின் இணைப்பு, போதிய நாடுகள் உறுதிசெய்யாததால் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. சண்டையைத் தடுப்பதற்காக உருவான ஒருமித்த கருத்து என்ற முறை, உயிரினங்களைக் காப்பாற்றும் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. இதுதான் என்னைத் துயரப்படுத்துகிறது.

உறுதியாகச் சொல்ல முடியாதவை சில உண்டு. உடன்படிக்கை கையெழுத்தான காலத்தில், கரையோர நாடு கடல் வளங்களைத் தனக்கென வைத்துக்கொள்ளும் 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் என்ற கருத்தே நிலைபெறவில்லை. இன்று ஓர் உரிமை கோரும் நாடு தன் அண்டார்டிகக் கரைக்கு அப்பால் கண்டத்திட்டைக் கோரினால், அது பழைய உரிமையின் இயல்பான தொடர்ச்சியா, நான்காவது விதி தடுக்கும் விரிவாக்கமா? 2004இல் ஆஸ்திரேலியா தன் தரவுகளை ஐக்கிய நாடுகளின் கண்டத்திட்டு எல்லைகள் ஆணையத்திடம் கொடுத்துவிட்டு, அண்டார்டிகப் பகுதியை இப்போதைக்குப் பரிசீலிக்க வேண்டாம் என்று தானே கேட்டுக்கொண்டது. அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், இந்தியா உள்ளிட்ட நாடுகள் அந்த உரிமையைத் தாங்கள் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதிவுசெய்தன. சட்ட அறிஞர்கள் இதில் இரு பக்கமும் நிற்கிறார்கள். என் சாய்வு விரிவாக்கம் என்ற பக்கமே, ஆனால் அதைத் தீர்ந்த சட்டமாகச் சொல்ல மாட்டேன். உடன்படிக்கையில் சேராத ஒரு நாடு, யாரும் கோராத பகுதியை நாளை கோரினால் அதைத் தடுக்கும் பொதுச் சட்டம் உண்டா என்பதும் இதே நிலையில்தான் இருக்கிறது.

இந்தியா ஏன் கோரவில்லை என்பதற்கு இவ்வளவும் சேர்ந்தே பதிலாகிறது. 1956இல் இந்தியா பேசியது எந்த நாடும் அந்தக் கண்டத்தைத் தன் போட்டிக்களமாக ஆக்கிவிடக் கூடாது என்பதற்காக. தானே ஒரு துண்டைக் கேட்டிருந்தால் அந்த வாதம் விழுந்திருக்கும். 1982 ஜனவரியில் எஸ்.இசட். காசிம் தலைமையிலான முதல் குழு அண்டார்டிகாவில் இறங்கியது. 1983 ஆகஸ்டில் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்து, அடுத்த மாதமே ஆலோசனை உறுப்பினராகியது. சேர்ந்த நாளிலிருந்து புதிய கோரிக்கை எழுப்பும் வழி சட்டப்படி அடைபட்டுவிட்டது. அதற்கு ஈடாகக் கிடைத்தவை, கண்டத்தின் எந்தப் பகுதியிலும் யாரிடமும் கேட்காமல் ஆய்வு செய்யும் உரிமை, மற்றவர்களின் நிலையங்களை முன்னறிவிப்பின்றிச் சோதிக்கும் உரிமை, எல்லா முடிவுகளிலும் மறுப்புரிமை ஆகியவை. 2021இல் கிழக்கு அண்டார்டிகா, வெட்டல் கடல் பாதுகாப்புத் திட்டங்களுக்கு இந்தியா ஆதரவளித்தது. ஆண்டுதோறும் ஹோபார்ட்டில் கூடும் அந்த ஆணையத்தில் இந்தியா அந்த ஆதரவை எவ்வளவு வலுவாக முன்வைக்கிறது என்பதைக் கவனித்துவாருங்கள்; உங்கள் கேள்விக்கு அடுத்த சில ஆண்டுகளில் கிடைக்கப்போகும் பதில் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்படும்.